நடும் நாளுக்கா, மூன்றாம் ஆண்டுக்கா? அலையாத்திக் காட்டுக்குப் பணம் கேட்கும் நான்கு வழிகள்

பினாங்கின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தென்கரையில், சிதைந்துபோன அலையாத்திக் காட்டின் ஒரு சிறு துண்டை மீட்டெடுக்கும் பணியை எங்கள் குழு ஏற்க முன்வந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கரையோரக் குடும்பங்கள் சிலவும் சேர்ந்த குழு இது. இடமும் ஆளும் ஓரளவு கைகூடிவிட்டன. பணத்தை யாரிடம், எந்த முறையில், என்ன சொல்லிக் கேட்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. நிறுவனங்களை அணுகுவது, தைப்பூசத்தை ஒட்டித் திரட்டுவது, கட்டணப் படகு உலா நடத்திச் சம்பாதிப்பது, மாதந்தோறும் சிறு தொகை தருவோரைச் சேர்ப்பது என நான்கு வழிகள் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டன. இவற்றை ஒப்பிட்டு என் கருத்தை இங்கே எழுத்தில் வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குழுக்களுக்கும் இது பயன்படலாம்.

எந்த வழி அதிகப் பணம் தரும் என்ற கேள்வியோடு ஒப்பீட்டைத் தொடங்குவது பிழை என்று நினைக்கிறேன். எந்த ஆண்டின் செலவுக்கு எந்த வழி பணம் தரும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அலையாத்தி வேலையில் நடுவதுதான் மிகச் சுலபமான, மிகக் குறைந்த செலவுள்ள பகுதி. அலையாத்தி வகைகளில் ஒன்றான பாக்காவ் மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். அதைச் சேற்றில் ஊன்ற ஒரு பள்ளி மாணவனுக்குக் கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதற்குப் பின் வரும் வேலைதான் கடினமானது. அலையில் மிதந்து வரும் நெகிழிப் பைகள் கன்றுகளைச் சாய்த்துவிடும். கொட்டலசுகள் தண்டில் ஒட்டி வளர்ந்து அதன் பாரத்தாலேயே கன்றை மூழ்கடிக்கும். நண்டுகள் அடியை வெட்டும். தவறான மட்டத்தில் நட்டிருந்தாலோ, நாளின் பெரும்பகுதி நீருக்கடியில் கிடந்து அவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். உலகெங்கிலுமிருந்து பணம் வந்தது. கரையெங்கும் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை என்று கண்டது. தவறான இடத் தேர்வும், நட்டபின் பராமரிப்பு இல்லாமையும் அதற்கு முதன்மையான காரணங்களாகக் கூறப்பட்டன. அங்கே பணத்துக்கும் குறைவில்லை, நல்ல மனத்துக்கும் குறைவில்லை. நட்டுவைத்த நாளோடு தீர்ந்துபோகும் பணமாக அது இருந்ததுதான் குறை.

நட வேண்டிய தேவையே இல்லாத இடங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பழைய இறால் பண்ணைக்காகவோ சாலைக்காகவோ மறிக்கப்பட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டு, கடல்நீர் முன்போல் வந்துபோக வழிசெய்தால், அருகில் தாய்மரங்கள் இருக்கும் இடங்களில் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். இது பல இடங்களில் நடுவதைவிட நல்ல பலன் தரும் முறை. ஆனால் அடைபட்ட வாய்க்காலை ஒருவர் மண்வெட்டியால் திறக்கும் காட்சிக்கு முன்னால் யாரும் பதாகை பிடித்துப் படமெடுத்துக்கொள்வதில்லை. பணம் தருபவரின் மகிழ்ச்சிக்கு ஏற்ப வேலையை வளைப்பதா, வேலைக்கு ஏற்பப் பணம் தருபவரின் மனத்தைக் கனிவிப்பதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

சென்ற ஆண்டு நிபோங் திபாலில் ஒரு குடும்ப விருந்தில் இந்தத் திட்டத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, எழுபது வயதைக் கடந்த உறவுக்கார அத்தை ஒருவர், "போன வருசம் வேற யாரோ வந்து நட்டாங்களே தம்பி, அது இருக்கா இப்ப?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து நட்ட வரிசையில், கன்றுகளுக்குத் துணையாக ஊன்றிய மூங்கில் குச்சிகள் மட்டும் நின்றன. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் யாரும் இரண்டாம் ஆண்டுக்கான பணத்தைக் கேட்டிருக்கவில்லை.

நிறுவன நன்கொடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாயான் லெப்பாசிலும் பத்து காவானிலும் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலம் இது; சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கிய தொகை அவர்களிடம் உண்டு; ஒரே காசோலையில் ஓராண்டுச் செலவு முழுவதும் கிடைத்துவிடக்கூடும். 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் ரொக்க நன்கொடையை, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம் என்பதால், பல நிறுவனங்கள் முதலில் கேட்பதே அந்த அங்கீகாரத்தைத்தான். புதிய குழுவுக்கு அது உடனே கிடைத்துவிடாது. ஆகவே ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் வழியாகப் பணத்தைப் பெற்று, அவர்களின் கணக்காய்வுக்கு உட்பட்டு வேலை செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: நம் கணக்கை வேறொருவர் பார்க்கிறார் என்ற ஒழுங்கு முதல் நாளிலேயே வந்துவிடும்.

ஆயினும் நிறுவனப் பணத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. அது நிதியாண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும். எண்ணிக்கையாகக் காட்டப்பட வேண்டும். ஊழியர்கள் வந்து கலந்துகொள்ளும் ஒரு நாள் அதில் இருக்க வேண்டும். ஆயிரம் கன்றுகள் நட்டோம் என்பது அறிக்கையில் ஏறும். நானூறு கன்றுகள் மூன்றாம் ஆண்டிலும் உயிரோடு நிற்கின்றன என்பது, உண்மையில் அதைவிடப் பெரிய செய்தியாக இருந்தும், அறிக்கையில் ஏறுவது அரிது. நிறுவனங்களைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும் பொருள்களுக்கு, அதாவது படகு, நாற்றங்காலின் நிழல்வலை, நீர்மட்டம் அளக்கும் கருவி போன்றவற்றுக்கு அவர்களிடம் கேட்கலாம். காவலுக்கும் பராமரிப்புக்கும் தரும் மாதக் கூலியை அவர்களின் பணத்தில் கட்டிவைத்தால், ஒரு மேலாளர் மாறும் நாளில் நம் வேலையும் நின்றுவிடும்.

இரண்டாவது வழி தைப்பூசம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் எங்கள் குழுவில் பலரின் மனம் இதில்தான் இருக்கிறது. பினாங்குத் தமிழருக்குத் தைப்பூசம் என்றால் தண்ணீர்மலை. மலை அருவியின் பெயரையே தாங்கிய மலை அது. 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும் அந்த அருவியை ஒட்டியே அமைந்தது. அதற்கு மேலே விரியும் பினாங்கு மலைக்காடு, 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. அந்தத் தகுதியை மலேசியாவில் அதற்கு முன் பெற்றவை தாசெக் சினியும் குரோக்கர் மலைத்தொடரும் மட்டுமே. நீரும் மலையும் தெய்வமும் ஒன்றாக நிற்கும் இடத்துக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள். இயற்கையைக் காப்பதை வேறொரு மொழியில் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோயிலுக்குக் கோயில் தலமரம் வைத்து வணங்கிய மரபில் வந்தவர்கள் அவர்கள்.

அப்படியிருந்தும் அங்கே உண்டியல் குலுக்குவதை நான் ஆதரிக்கவில்லை. முதல் காரணம் சட்டம்: பொது இடத்தில் பணம் திரட்டுவதற்கு, வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிப்பதை முறைப்படுத்தும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை உரிமம் வேண்டும், கோயில் நிர்வாகத்தின் இசைவும் வேண்டும். இவற்றைப் பெற்றுவிடலாம். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பால்குடம் சுமந்து வருபவர் அன்று தம் நேர்த்திக்கடனைச் செலுத்த வந்திருக்கிறார். அவர் கையிலுள்ள காணிக்கை ஏற்கெனவே ஒருவருக்கு உரியது. அந்த நெரிசலில் அவர் போடும் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) எந்தக் காட்டுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் அவரை நாம் கண்டுபிடிக்கவும் முடியாது. யார் தந்தார் என்று தெரியாத பணத்துக்கு யாரிடம் கணக்குச் சொல்வது? கணக்குச் சொல்ல முடியாத இடத்தில் வாங்கும் பணம் ஒருமுறைதான் வரும்.

தைப்பூசத்தில் நாம் செய்யக்கூடியது வேறு. தண்ணீர்ப் பந்தல் போடும் வழக்கம் நமக்கு உண்டு. தூக்கியெறியும் குவளை ஒன்றுகூட இல்லாத ஒரு பந்தலை, மோரும் பானகமும் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்து, கழுவிக் கழுவி, நாள் முழுவதும் நடத்திக் காட்டலாம். வெயிலில் களைத்து வந்தவர் இரண்டு நிமிடம் நிற்பார். அப்போது பணம் கேட்காமல், விருப்பம் உள்ளவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அவர் இசைவோடு குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கரைக்கு அழைக்கலாம். இது வசூலுக்கான இடமாக அமையாது. அறிமுகத்துக்கு இதைவிட நல்ல இடம் பினாங்கில் இல்லை.

மூன்றாவது, வருவாய் தரும் முயற்சி. இதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: பினாங்கு மலை உச்சியிலுள்ள 'த ஹாபிடேட்' கட்டணம் வாங்கி மழைக்காட்டைக் காட்டுகிறது, அதனோடு இணைந்த அறக்கட்டளை காட்டாய்வுக்கும் பாதுகாப்புக்கும் நிதி தருகிறது. பார்க்க வருபவரே காவலராகவும் ஆகும் இந்த ஏற்பாடு அழகானது. நம் பக்கத்தில் நிபோங் திபாலின் கிரியான் ஆற்றில் மின்மினிகள் உண்டு. இரவில் படகில் போய்ப் பார்க்க மக்கள் வருகிறார்கள். அலையாத்திக்குப் பணம் தேடும் குழு இதை எண்ணிப் பார்ப்பது இயல்பு. ஆனால் பினாங்கு மலைக்கு ரயிலும் பெயரும் நூற்றாண்டுப் பழக்கமும் இருக்கின்றன. நமக்கோ படகுக்கு உரிமம், காப்பீடு, உயிர்காப்பு அங்கி, 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் பெற்ற வழிகாட்டி என முதல் வெள்ளி வருவதற்கு முன்பே செலவு வந்து நிற்கும். மின்மினிகளும் எத்தனை படகையும் பொறுத்துக்கொள்பவை அல்ல. ஒளியும் இரைச்சலும் மிகுந்தால் அவை இணைசேர விடுக்கும் ஒளிச்சைகை குலைந்துவிடும். வருவாய் பெருகப் பெருக, காக்க வேண்டிய உயிரையே வருத்தும் நிலை வரலாம். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வருகையாளரை மட்டுமே நம்பியிருந்த முயற்சிகளுக்கு ஒரே நாளில் வரவு நின்றுபோனதையும் மறக்க முடியாது. ஐந்தாம் ஆண்டில் இதைச் சிறிய அளவில் தொடங்கலாம், இப்போது வேண்டாம்.

அரசின் பணம் பற்றியும் கூட்டத்தில் கேட்டார்கள். காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019இல் 60 மில்லியன் வெள்ளியோடு ஒரு நிதி ஒதுக்கீட்டைத் தொடங்கிப் பின்னர் உயர்த்தியும் வருகிறது. அது மாநில அரசுகளுக்கானது. எங்களைப் போன்ற குழு நேரே கேட்டுப் பெறும் வழி அன்று.

நான்காவது வழிக்கே நான் வாக்களிக்கப்போகிறேன். மாதம் 10 வெள்ளி தர 200 பேர் இருந்தால் ஆண்டுக்கு 24,000 வெள்ளி. இந்தத் தொகையில் கரையிலுள்ள ஒரு மீனவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பராமரிப்புக் கூலி, படகு எண்ணெய், அளவெடுப்பு ஆகியவற்றைத் தாங்கலாம். இருநூறு பேரில் முப்பது பேர் விலகினாலும் வேலை நிற்காது. ஒரே நிறுவனம் விலகினால் எல்லாமே நின்றுவிடும். நம்மவர்களுக்கு மாதம் ஒரு தொகை எடுத்துவைப்பது புதிதன்று; கோயில் சந்தாவும் சங்கச் சந்தாவும் மரண சகாய நிதியும் கட்டி வளர்ந்த குடும்பங்கள்தாம் நம்முடையவை. சந்தா வாங்க வீட்டுக்கு வரும் ஆளுக்குக் காப்பி கொடுத்து ஊர்ச்செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

இந்த வழியின் பலவீனத்தையும் மறைக்க விரும்பவில்லை. இருநூறு பேரைச் சேர்க்க ஓராண்டுக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் உறவினரும் நண்பரும் முகத்துக்காகச் சேர்ந்து, ஆறாம் மாதத்தில் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் உட்கார்ந்து வரவைச் சரிபார்க்க வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவும், குழுவின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் இல்லாமல் ஒரு வெள்ளிகூட வாங்கக் கூடாது. இவையெல்லாம் சலிப்பூட்டும் வேலைகள். எனினும் வேறு எந்த வழியும் மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் கன்றைச் சாய்த்த குப்பையை அகற்றும் கூலியைத் தராது.

என்ன சொல்லிக் கேட்பது என்பதில் ஆய்வுகள் நமக்குக் கொஞ்சம் உதவுகின்றன. 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில், எண்ணெய்க் குட்டையில் விழுந்து சாகும் பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களிடம் கேட்டார்கள். 2,000 பறவை என்று கேட்டவர்கள் சராசரியாக 80 டாலர் என்றார்கள். 20,000 என்று கேட்டவர்கள் 78. 200,000 என்று கேட்டவர்கள் 88. எண்ணிக்கை நூறு மடங்கு பெருகியும் மனம் அசையவில்லை. டெபோரா ஸ்மால், ஜோர்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பசியால் வாடும் ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் கண்டவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். இலட்சக்கணக்கானோரின் பசியைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்கள் 1.14 டாலர் மட்டுமே தந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43 டாலர். சிறுமியின் கதையோடு எண்களைச் சேர்த்தால் கொடை கூடும் என்றே நாம் நினைப்போம், கூடவில்லை, குறைந்தது.

ஆகவே உலகில் எத்தனை விழுக்காடு அலையாத்தி அழிந்தது என்று தொடங்கும் துண்டறிக்கையை ஒதுக்கிவிடலாம் என்பது என் வேண்டுகோள். பினாங்கிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும், பொன்னிறக் குட்டியும் கொண்ட லோத்தோங் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்தன. 2016இல் தொடங்கிய பினாங்கு லங்கூர் திட்டத்தினர், பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி 2019இல் தெலுக் பாஹாங் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். ஒரு சாலை, ஒரு குரங்குக் கூட்டம், ஒரு பாலம். கேட்ட எவருக்கும் அது உடனே விளங்கும்.

அலையாத்திக்கு அத்தகைய முகம் இல்லை என்று சிலர் வருந்தினார்கள். சேறும் நண்டும் குட்டியைப்போல் மனத்தை இழுக்காதுதான். ஆனால் அந்தச் சேற்றை நம்பி வலை வீசும் மனிதர் இருக்கிறார். பினாங்குக் கரையோர மீனவர்களின் நலச் சங்கம் 1990களிலிருந்தே சுங்கை ஆச்சே பகுதியில் அலையாத்தி நட்டுப் பேணி வருகிறது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வேர்களுக்கிடையே வளர்கின்றன, வேர் போனால் வலையும் வெறுமையாகும் என்பதைப் பிழைப்பில் கண்டவர்கள் அவர்கள். நம் கடிதத்தில் ஒரு மீனவர், அவர் இசைவோடு, தம் கரையைப் பற்றித் தம் சொற்களில் பேசட்டும்.

ஆழிப்பேரலையைச் சொல்லி அச்சுறுத்திக் கேட்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றன. அன்றாட அலையின் வேகத்தையும் கரை அரிப்பையும் அலையாத்தி குறைக்கும் என்பது உண்மை. எந்தப் பேரலையையும் அது நிறுத்திவிடும் என்று சொல்வது உண்மையாகாது. துயரத்தை முன்வைத்து, மெய்யைவிடப் பெரிய வாக்குறுதி தந்து பெறும் பணம் நமக்கு வேண்டாம்.

முதல் தூண்டுதலுக்கு இணைத்தொகை முறை பயன்படும். டீன் கார்லனும் ஜோன் லிஸ்டும் 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பி 2007இல் வெளியிட்ட ஆய்வில், நீங்கள் தரும் தொகைக்கு இணையாக இன்னொருவரும் தருவார் என்று சொன்னபோது, ஒரு கடிதத்துக்கான வரவு 19 விழுக்காடு கூடியது. இரு மடங்கு, மும்மடங்கு தருவார் என்று சொன்னதில் அதற்குமேல் பயன் எதுவும் இல்லை. ஆகவே வசதியுள்ள ஒருவரிடம் பெருந்தொகையைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. முதல் 100 சந்தாதாரரின் முதல் மாதத் தொகைக்கு ஈடாக 1,000 வெள்ளி தரும் ஒரு மருத்துவரோ வணிகரோ போதும்.

அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியப்போவது இதுதான். முதல் மூன்று மாதத்தில் பதிவும் வங்கிக் கணக்கும் முடிந்து, ஒரு மூத்த அமைப்போடு எழுத்து உடன்பாடும் ஏற்பட வேண்டும். நீரோட்டம் அறிந்த ஒருவர் அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்து, நட வேண்டுமா, வாய்க்காலைத் திறந்தால் போதுமா என்று சொல்லும் வரை கன்று எதுவும் வாங்கக் கூடாது. அதன்பின் சந்தா சேர்ப்பு. அதற்குப் பின்னரே, கருவிகளுக்காக மட்டும், இரண்டு நிறுவனங்களுக்குக் கடிதம். சந்தா தருவோருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கக் கணக்கு தமிழில் போக வேண்டும்: வந்த பணம், செலவான பணம், நிற்கும் கன்றுகள், செத்த கன்றுகள், செத்ததற்கான காரணம். செத்த கன்றுகளின் எண்ணிக்கையை நிற்பவற்றின் எண்ணிக்கை அளவுக்கே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதை ஒரு தீர்மானமாகவே எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் கணக்கின் முதல் படியை நிபோங் திபாலில் இருக்கும் அத்தையிடம் நானே நேரில் கொடுத்து, அதன் பிறகே அவரிடம் சந்தா கேட்பேன்.